வாறேன் என்று சொல்லாதவள்

முப்பத்து நான்கு வருடம் ரயில் கார்டாக இருந்தவன் நான். பதுளைப் பாதையில் நான் பச்சைக் கொடி ஆட்டி அனுப்பிவைத்த பிரிவுகளை மூட்டை மூட்டையாக அடுக்கினால் நமுனுகுல மலை வெட்கப்பட்டுக் குந்திவிடும். குறைத்துச் சொன்னாலும் எண்பது லட்சம் தேறும். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தன்னையே கீழால் கடந்து போகும் அல்லவா? ஒரு நாள் எங்கள் ரயில் எவ்வளவு நீளமென்றால், மேலே கடைசிப் பெட்டியில் நின்ற என்னிடம், கீழே போய்க்கொண்டிருந்த என்ஜின் டிரைவர் கையை நீட்டிச் சுருட்டுக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு போனார். நம்பாதவர்கள் ஸ்டேஷன் பக்கத்துத் தேநீர்க் கடை ஸனூஸ் நானாவைக் கேட்கலாம். அவரும் நம்பவில்லை.

இத்தனை பிரிவுகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு ரயில் ஏற மாட்டார்கள். 'போயிட்டு வாறேன்'தான். சிங்களவர்களும் அப்படித்தான், போய்விட்டு வருகிறேன் என்றுதான் அவர்கள் பாஷையிலும் சொல்வார்கள். 'போறேன்' என்று மொட்டையாகச் சொன்னால் அது திரும்பிவராத பயணத்தின் சொல். ஹாலிஎலவில் ஒரு பெரியவர் 'வாறேன்' சொல்ல மறந்து ரயிலேறி, பண்டாரவளையில் இறங்கி, அடுத்த ரயிலில் திரும்பிவந்து பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு மறுபடி போனார். இதில் நான் கூட்டவில்லை. சரி, பண்டாரவளை இல்லை, அடுத்த ஸ்டேஷன் உடுவர. ஆனால் திரும்பி வந்தது உண்மை.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'குட்பை' என்பார்கள். அதுவும் நீளமென்று 'பை' என்பார்கள். ஒரே ஒரு சத்தம். கொட்டைப் பாக்கைத் துப்புவதுபோல் முடிந்துவிடும். எனக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு மயக்கமே இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் தெமோதரை ஸ்டேஷனுக்குப் போய், பக்கத்து ரயில் பாலம் பார்க்கவும் படம் பிடிக்கவும் வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு 'பை, பை' என்று கையாட்டிவிட்டு வருவேன். கூலி இல்லாத உத்தியோகம்.

அப்படி நான் ஸ்டேஷனில் நின்ற ஒரு காலையில்தான் நிலுக்ஷி கொழும்புக்குப் போனாள்.

நிலுக்ஷி, என் கூட்டாளி சின்னையாவின் மகள். சின்னையா ரயில் பாதையில் வேலை செய்தவன். செத்து எட்டு வருடமாகிறது. அவன் பெண்டாட்டி விஜயலெட்சுமி ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டின் முன்திண்டில், நாங்கள் இஸ்தோப்பு என்போமே, அங்கே எனக்கென்று ஒரு முக்காலி உண்டு. பின்னேரத் தேநீர் எனக்கு அங்கேதான். உலகத்திலேயே நல்ல தேநீர் அது. ராஜாக்கள் கேட்டனுப்பியும் அவள் கொடுக்கவில்லை.

இருபது வயதில் நிலுக்ஷிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. தோட்டத்துப் பாலர் பாடசாலையிலேயே டீச்சராக இரு என்றாள் தாய். கிளம்புவதற்கு முதல் நாள் முழுக்க வீட்டில் சண்டை. அந்தச் சண்டையின் மிச்சத்தைச் சுமந்துகொண்டுதான் இருவரும் மேடையில் நின்றார்கள். ரயில் வந்துவிட்டது. நிலுக்ஷி ஏறி வாசலில் நின்றாள்.

"என்னாடி, வாயில புண்ணா? சொல்லிட்டுப் போ" என்றாள் விஜயலெட்சுமி.

"என்னாத்தச் சொல்ல? எல்லாத்தையும் நேத்து நீயே சொல்லிட்டியே."

"போயிட்டு வாறேன்னு சொல்லுடி."

மகள் உதட்டைச் சுழித்தாள். தாய் விருட்டென்று திரும்பி, பெஞ்சில் வைத்திருந்த ரொட்டிப் பார்சலை எடுக்கப் போனாள். அந்த இடைவெளி போதுமே எனக்கு! படிக்கருகில் போய்க் குசுகுசுத்தேன்.

"ஏய் புள்ள, கொழும்புக்காரி ஆகப் போற. இன்னும் என்னா போயிட்டு வாறேன், போகாம வாறேன்னுட்டு? வெள்ளக்காரி மாதிரி ஸ்டைலா 'பை'ன்னு சொல்லு. ஒங்கம்மா மூஞ்சி அப்ப எப்பிடி இருக்கும் பாரு."

நிலுக்ஷிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயில் ஊதியது. தாய் ஓடிவந்து பார்சலைக் கையில் திணித்தாள். ரயில் நகர்ந்தது. நிலுக்ஷி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, "பை அம்மா! பை!" என்று கத்தினாள்.

விஜயலெட்சுமியின் முகம் நான் நினைத்த மாதிரி ஆகவில்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றியதுபோல் ஆனது.

"பாத்தீங்களாண்ணே? பெத்தவள வெட்டி விட்டுட்டு, பல்லக் காட்டிக்கிட்டுப் போறா."

"சின்னப் புள்ள, விடும்மா" என்றேன். சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதைப் பின்னேரம் தேநீர் குடிக்கும்போது சொல்லி, இருவரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தேன். பின்னேரம் போனால், அவள் கோபம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

நிலுக்ஷி தினமும் பின்னேரத்தில் தாய்மாமன் ஜீவனின் ஃபோனுக்கு அழைப்பாள். ஜீவன் அடுத்த வீட்டுக்காரன், விஜயலெட்சுமியின் தம்பி. ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

"அக்கா, ஒம்மக."

"கொழுந்து நிறுக்கப் போயிட்டேன்னு சொல்லு."

"பக்கத்துல நின்னுக்கிட்டே எப்பிடிக்கா சொல்றது?"

"வாயாலதான்டா சொல்லணும். போறேன்னுட்டுப் போனவளுக்கு எங்கிட்ட என்னா பேச்சு? வாறேன்னு ஒரு வார்த்த மொதல்ல சொல்லச் சொல்லு, பேசுறேன்."

ஜீவன் அந்த நிபந்தனையை மருமகளிடம் சொன்னானா தெரியாது. சண்டை வளரும் என்று பயந்து சொல்லாமல் விட்டிருப்பான். இப்படி மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் முக்காலியில்தான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் தேநீர்தான் உள்ளே போனது.

நான்காவது வாரம் நிலுக்ஷிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று அவளே மாமனிடம் சொல்லியிருக்கிறாள். டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று தகவல் வந்து, அக்காவும் தம்பியும் கொழும்புக்குப் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. வேனில் கொண்டுவந்தார்கள். தோட்டத்து மயானத்தில் சின்னையாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

எனக்கு எதையும் பெருக்கிச் சொல்லித்தான் பழக்கம். இதைப் பெருக்க எனக்குத் தெரியவில்லை.

விஜயலெட்சுமி அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். "அவ வாறேன்னு சொல்லல. அதான் வரல."

பன்னிரண்டாம் நாள் ஜீவன் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, பதினாறாம் நாள் கருமாதிக்கு அக்கா எல போட மாட்டேங்குது."

எங்கள் வழக்கம் இது: செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, வீட்டுப் பெண் ஒருத்தி பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள், வந்தவர் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று. கூப்பிடாவிட்டால் அந்த உயிர் வாசலிலேயே பசியோடு நிற்கும் என்பார்கள்.

"ஏனாம்?"

"வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவள எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கூப்பிடுறதுன்னு கேக்குது. நாங்க யாரு சொல்லியும் கேக்கல. நீங்க இங்கிலீசு தெரிஞ்சவரு. அந்தச் சொல்லு அவ்வளவு கெட்ட சொல்லு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

அந்த நேரம் நான் ஜீவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிட லேசான வழி ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் விட்டுப்போன ஆங்கில அகராதி என்னிடம் இருக்கிறது. ஒரு கன்றுக்குட்டியின் எடை. தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவன் மூச்சு வாங்க. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 'குட்பை'யைத் தேடினேன். பார்த்ததும் கதிரையிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன்.

அது ஒரு பிரார்த்தனை! நானூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரர்கள் பிரியும்போது, 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்று நாலு சொல்லில் முழுசாகச் சொல்லியிருக்கிறார்கள். அவசரக்காரர்கள் வாயில் அந்த நாலும் ஒட்டி ஒன்றாகியிருக்கிறது. பிறகு 'நல்ல நாள்', 'நல்ல இரவு' என்று சொல்லும் பழக்கத்தில், தலையில் இருந்த கடவுளும் 'நல்ல' என்று மாறிப்போய், கடைசியில் அதுவும் கழன்று 'பை' மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மேட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஓடினேன். விஜயலெட்சுமி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அவ ஒன்னைய வெட்டிவிடல! 'சாமி ஒன்னோட இருக்கட்டும்'னு கும்பிட்டுட்டுப் போயிருக்கா! இங்கிலீசுல அந்தச் சொல்லுக்கு அதான் வேரு. பொஸ்தகத்துல போட்டிருக்கு!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, என்ஜின் டிரைவரு ஒங்ககிட்ட சுருட்டுக்கு நெருப்பு வாங்கினாருன்னு எம்புருசங்கிட்டச் சொன்னப்பவும் நீங்க இதே மூஞ்சிதான் வச்சிருந்தீங்க."

"இது நெசம்மா! சத்தியமா!"

"அப்பவும் சத்தியம் பண்ணுனீங்க."

ஆயுளில் ஒரு தரம் கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொன்னேன்; அது செல்லாக் காசாகத் திரும்பி வந்தது. அப்போதும் நான் அடங்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனேன், அம்பலவாணர் சேரைப் பார்க்க.

அம்பலவாணர் சேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் நாற்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். பொய் சொல்ல மாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவர் கைக்கடிகாரமும் பதுளை ஸ்டேஷன் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால், ஸ்டேஷன் கடிகாரத்தைத்தான் திருத்துவோம். அவர் சொல்லை இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யாரும் தட்ட மாட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன், என் குசுகுசுப்பை மட்டும் விட்டுவிட்டு.

"கணபதி, நீர் சொன்னதில ஒண்டு உண்மையாக் கிடக்கிறது எனக்கே அதிசயம். வாரும் போவம்" என்று குடையை எடுத்தார்.

லயத்தில் அவரைப் பார்த்ததும் விஜயலெட்சுமி எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள். என் முக்காலி. நான் தூணோரம் நின்றுகொண்டேன்.

சேர் நிதானமாக விளக்கினார். அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

"அப்ப கார்டு அண்ணன் சொன்னது நெசந்தான்."

"ஓம், தங்கச்சி. அந்தச் சொல்லின்ரை தொடக்கம் அதுதான்."

"அந்த 'பை'ல சாமி எங்கங்க ஐயா இருக்கு?"

சேர் கொஞ்சம் யோசித்தார். "இப்ப இல்லை. முன்னுக்கு இருந்தது. சனம் சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு விழுந்திட்டுது. மிச்சம் கிடக்கிறது 'உன்னோட இருக்கட்டும்' எண்டதின்ரை ஒரு துண்டு."

"யாரு இருக்கட்டும்னு இல்லாமயா?"

"ஓம். அப்பிடித்தான்."

"சாமியக் கழட்டி வச்சுட்டுத்தான் சொல்லியிருக்கா" என்றாள் அவள். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். "எம்மகளுக்கு இதெல்லாம் தெரியுங்களா, ஐயா?"

அவளுக்குப் பின்னால் நகர்ந்து நின்று சேரிடம் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கும்பிடக்கூடச் செய்தேன். தெரியும் என்று ஒரு சொல்! நாற்பது வருடம் சேர்த்துவைத்த உண்மையிலிருந்து ஒரு சல்லியை எடுத்துச் செலவழித்தால் என்ன?

"தெரிஞ்சிருக்காது, தங்கச்சி" என்றார் அம்பலவாணர் சேர். "இண்டைக்கு அந்தச் சொல்லைச் சொல்லுற ஆருக்கும் தெரியாது. எனக்குப் பொய் சொல்ல வராது."

"அப்ப சாமிய நெனச்சு அவ சொல்லல. போறேங்கிறதுக்குத்தான் சொன்னா." விஜயலெட்சுமி புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். "டீ ஊத்துறேன், இருங்க."

அவள் உள்ளே திரும்பிய நேரம் என் வாய் தானாகத் திறந்தது.

"நான்தாம்மா சொல்லச் சொன்னேன்."

"என்னா?"

"அந்தச் சொல்ல. ரயில்ல. நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

அவள் முகத்தில் பரிதாபம் வந்தது. "வேண்டாண்ணே. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

"நீ ரொட்டிப் பார்சல எடுக்கப் பெஞ்சுக்குப் போன. நூலு அவுந்திருந்துச்சு. ஒரு கையில பார்சலப் புடிச்சுக்கிட்டு, பல்லால கடிச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டு நின்ன. அந்த நேரந்தான். 'ஸ்டைலா பைன்னு சொல்லு, ஒங்கம்மா மூஞ்சியப் பாரு'ன்னு சொன்னேன். அவ சிரிச்சா. நீ வந்துட்ட. அவ சொன்னா."

அதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. அதனால்தான் நம்பினாள் என்று நினைக்கிறேன். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சிரிப்பு?"

"என்னையப் பாத்துச் சிரிச்சது. ஒன்னையப் பாத்து இல்ல. ஒம்மேல கோவமெல்லாம் அவளுக்கு அப்பவே போயிருச்சு."

இதைச் சொன்னால் அவள் நெஞ்சிலிருந்து கல் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. அவள் மெல்ல நிலைக்கதவோரமாகவே சரிந்து உட்கார்ந்தாள்.

"அவளுக்குக் கோவமே இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தெனம் ஃபோன் அடிச்சா. இருபத்தோரு நாளும் அடிச்சா. நான் கொழுந்து நிறுக்கப் போயிருக்கேன்னு..." விரல்களை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். "அதுக்காகவா நான் பேசல? ஒரு வெளையாட்டுக்காகவா?"

"அம்மா..."

"நீங்க இங்கதான இருந்தீங்க. அந்த முக்காலியில. அவ அடிக்கிறதும் நான் மாட்டேங்கிறதும் பாத்துக்கிட்டு, டீய வாங்கி வாங்கிக் குடிச்சீங்களேண்ணே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"கெளம்புங்க. இனிமே இங்கிட்டு வராதீங்க."

சேரும் நானும் மேட்டுப் பாதையில் இறங்கினோம். பஸ்ஸில் ஏறும்போது அவர், "முதலே சொல்லியிருக்கலாம், கணபதி" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் ஆயிரம் காரணம் அடுக்கியிருப்பேன். "ஓம், சேர்" என்றேன்.

பதினாறாம் நாள் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. லயத்துக்குக் கீழே, தண்ணீர் விழும் பீலியடியில் ஒதுங்கி நின்றேன். மேலே அவள் வீட்டு வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். முப்பது இருக்காது, இருபத்திரண்டு பேர். எண்ணினேன். ஜீவன் என்னைக் கண்டு இறங்கி வந்தான்.

"எல போட்டிருச்சுண்ணே. விடியவே எந்திரிச்சு ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைச்சு, கருவாடு பொரிச்சு, எல்லாம் அதே செஞ்சிச்சு."

"கூப்புட்டாளா?"

"கூப்புட்டிச்சு. கதவையும் சாத்திட்டோம். ஆனா அக்கா வெளிய வர மாட்டேங்குது."

நாலு படி மேலே ஏறிக் காதைக் கொடுத்தேன். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து விஜயலெட்சுமியின் குரல் கேட்டது. ஒப்பாரி இல்லை. சாதாரணமாக, அடுப்படியில் உட்கார்ந்து மகளோடு பேசுகிற குரல்.

"...மொத நாளு நீ அடிச்சப்ப நான் இங்கதான்டி இருந்தேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். பெருசா ஒண்ணும் நடக்கல அன்னிக்கி. ஒந்துணி ஒண்ணக் கொடியில விட்டுட்டுப் போயிட்ட, அத எடுத்து மடிச்சு வச்சேன். ரெண்டாம் நாளு மழ. மேல் லயத்துல தகரம் பறந்திருச்சு. நீ அடிச்சப்ப ஒம்மாமன் ஃபோனத் தூக்கிக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு வந்தான். நான் வாங்கல. மூணாம் நாளு..."

வாசலில் நின்ற ஒரு பெரியவர் தொண்டையைச் செருமி, நேரமாகிறது, கதவைத் திறந்து இலையை எடுக்க வேண்டும், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றார். ஜீவன் மேலே ஏறிப்போய், கதவில் கை வைத்தான். உள்ளே அவள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு கையை எடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டான்.

"விடுங்க" என்றான். "இருபத்தொண்ணுல இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு."

பெண்கள் ஒவ்வொருத்தராக இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். உள்ளே அவள் பத்தாம் நாளுக்கு வந்திருந்தாள். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போன இடத்தில் பெயர் கூப்பிட்டபோது, ஏதோ ஞாபகத்தில் மகளின் பெயரைச் சொல்லிவிட்டாளாம், எல்லோரும் சிரித்தார்களாம்.

"எனக்கும் சிரிப்பு வந்துச்சுடி" என்றாள். "அன்னிக்கிச் சாயங்காலம் ஒங்கிட்ட இதச் சொல்லணும்னு நெனச்சேன்."